ஒன்றரைப் பவுன் மோதிரமும் அரைப் பவுன் தாலியும்

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலின் தலபுராணக் கதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நிறைமாதக்காரி ஒருத்தி, துணைக்கு வரவேண்டிய தாய் வந்து சேரவில்லை, வலி கண்டுவிட்டது. இறைவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போகிறார். அதன் பிறகுதான் பெற்ற தாய் வந்து நிற்கிறாள். நான் இப்போதுதானே வருகிறேன், முன்னே வந்தது யார் என்று திகைக்கிறாள். பக்தர்களுக்கு இது கருணையின் கதை. நகை நகல்களைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு இதில் இன்னொரு கேள்வியும் கேட்கிறது. முதலில் வந்தவளின் உருவம் நகல், பார்த்த வேலை அசல். பின்னால் வந்தவள் அசல், ஆனால் அவளுக்கு அங்கே வேலை மிச்சமில்லை. ஒரு பொருளை நகல் என்று நாம் சொல்வது உருவத்தை வைத்தா, வேலையை வைத்தா?

கேள்வி பிறந்த இடம் ஒரு நகைப் பட்டறை. அக்கா மகன் இங்கிலாந்திலிருந்து வாங்கி வந்து கொடுத்த வெள்ளி மோதிரம் என் விரலில் நிற்கவில்லை. அளவு குறைக்க முடியுமா என்று கேட்க, பழக்கமான பத்தரிடம் போயிருந்தேன். அவருடைய பலகையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக் கல்யாணத்துக்கான தாலி பாதி வேலையில் கிடந்தது. மோதிரத்தை வாங்கித் தாலிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கிறிஸ்தவ நகைகள். இரண்டும் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தவை. அதற்கு மேல் இவற்றுக்குள் உறவு இருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன்.

மோதிரம், 'வைன் மோதிரம்' என்று பெயர் பெற்ற தங்க மோதிரத்தின் நகல். அசல் 1785-இல் சில்செஸ்டர் அருகே வயலில் கிடைத்தது. ரோமானியர் பிரிட்டனை ஆண்ட காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. இன்று ஹாம்ப்ஷயரில் 'தி வைன்' என்ற மாளிகையில் இருக்கிறது. எடை ஏறக்குறைய 12 கிராம், நம் கணக்கில் ஒன்றரைப் பவுன். வளையத்துக்குப் பத்துப் பட்டை. முகப்பில் காதல் தெய்வமான வீனஸின் தலை. பட்டைகளைச் சுற்றிலும் லத்தீனில் ஒரு வாழ்த்து: செனிகியானுஸே, கடவுளில் வாழ்வாயாக. எழுத்து வெட்டியவருக்கு நடுவில் கை தவறியிருக்கிறது. 'ஐ' என்ற எழுத்து ஓரிடத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டது. அதனால் கடைசியில் இடம் போதாமல், கடவுளைக் குறிக்கும் 'தேயோ' வெறும் 'தே' என்று நின்றுவிட்டது. வாழ்த்தியது கடவுள் பெயரால். ஓரெழுத்து நட்டமும் கடவுளுக்கே.

நகல் செய்த கைவினைஞர் இந்தப் பிழையையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறார். எடுக்காவிட்டால் அது வைன் மோதிரமே இல்லை. தேய்மானத்தையும் விடவில்லை. மெழுகில் உருவாக்கி, அச்செடுத்து, வெள்ளியை வார்த்து, கந்தகக் கரைசலில் தோய்த்துக் கறுக்க வைத்து, பிறகு மேட்டை மட்டும் தேய்த்துப் பள்ளத்தில் கறுப்பை நிறுத்தியிருக்கிறார். அதாவது, நேற்றுப் பிறந்த பொருளுக்கு 1,600 வருட வயதை ஏற்றியிருக்கிறார்.

தாலியின் கதை நேர் எதிர். அங்கே பிழைக்கு இடமில்லை, வயதுக்கும் இடமில்லை. நான் உட்கார்ந்திருந்தபோதே பெண் வீட்டிலிருந்து ஒரு மூத்த அம்மாள் வந்தார். "அண்ணே, புறா பறந்து போற மாதிரி வேண்டாம். எங்க அத்தைக்கு இருந்த மாதிரி, சிலுவைக்கு மேல தலைகீழா இறங்கணும்" என்றார். அத்தையின் தாலி கையில் இல்லை. புகைப்படமும் இல்லை. விரலால் காற்றில் புறாவை வரைந்து காட்டினார். பத்தர் தலையசைத்தார், அவர் அப்பா காலத்து அச்சுக்கட்டை ஒன்று அதற்கு இருந்தது. தகட்டை அச்சில் அடித்து, கம்பியைச் சுற்றிப் பற்றவைத்து, பூந்திக்கொட்டை நீரில் பித்தளைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, மெருகேற்றிக் கொடுத்தால் அத்தையின் தாலி தயார். தேய்ந்திருக்கக் கூடாது, கறுத்திருக்கக் கூடாது, முக்கியமாக வேறொருத்தி போட்டதாக இருக்கக் கூடாது.

ஆக, ஒரு நகல் ஒரு குறிப்பிட்ட பொருளின் உடம்பைப் பின்பற்றுகிறது, தழும்பு உட்பட. மற்றது உடம்பை விட்டுவிட்டு மாதிரியை மட்டும் பின்பற்றுகிறது. முதலாவதற்கு மூலம் ஒன்றே ஒன்று. அதற்கு முகவரியும் உண்டு. இரண்டாவதற்கு மூலம் எது என்று தேடிப் போனால் அத்தை, அத்தையின் மாமியார் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். எங்கேயும் 'முதல் தாலி' கண்ணாடிப் பெட்டியில் இருக்காது. இந்த இடத்தில் சிதம்பரம் கவரிங்கை நினைத்துக்கொள்வது உதவும். கவரிங் உலோகத்தைப் பற்றி ஒரு பாவனை செய்கிறது; நகல் மோதிரம் காலத்தைப் பற்றி ஒரு பாவனை செய்கிறது; தாலி எந்தப் பாவனையும் செய்வதில்லை. அதனால்தான் தாலியை நகல் என்று சொன்னால் நமக்குச் சுருக்கென்று இருக்கிறது.

இது வரைக்கும் வேற்றுமை. உறவு தெரிய வேண்டுமானால் மோதிரத்தின் வயதையும் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஏறக்குறைய கி.பி. 200-இல் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, கிறிஸ்தவர்கள் அன்றாடம் எப்படி உண்ண வேண்டும், உடுக்க வேண்டும் என்று எழுதிய நூலில் மோதிரத்துக்கும் விதி சொல்கிறார். முத்திரையில் புறா இருக்கலாம், மீன் இருக்கலாம், காற்றில் விரையும் கப்பல் இருக்கலாம், யாழ் இருக்கலாம், நங்கூரம் இருக்கலாம். விக்கிரகங்களின் முகம் கூடாது. வாளும் வில்லும் கூடாது. மிதமாகக் குடிப்பவர்களுக்கு மதுக்கிண்ணம் கூடாது. ஆணானால் சுண்டுவிரலின் அடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இடத்தையும் குறித்துவிடுகிறார். இதில் வியப்பு என்னவென்றால், யாழுக்கு அவர் காட்டும் முன்மாதிரி பாலிகிரட்டீஸ், நங்கூரத்துக்குக் காட்டும் முன்மாதிரி செலூக்கஸ். இருவரும் கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்க ஆட்சியாளர்கள். புது மதத்துக்குப் புது நகை செய்யச் சொல்லவில்லை அவர். கடைத்தெருவில் ஏற்கெனவே விற்கிறவற்றில் எதை எடுக்கலாம், எதை வைத்துவிட்டு வரலாம் என்று கைப்பிடித்துக் காட்டுகிறார்.

அங்கிருந்து 1,500 வருடம் தாண்டி 1704-க்கு வாருங்கள். புதுச்சேரியில் வந்து இறங்கிய போப்பின் தூதர் தூர்னோன், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஓர் ஆணை போடுகிறார். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த பாதையில், சேசு சபையார் உள்ளூர் வழக்கங்கள் பலவற்றை அப்படியே அனுமதித்திருந்தார்கள். தூர்னோன் அவற்றில் கை வைத்தார். பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. ஆனால் தாலியே கூடாது என்று சொல்ல அவராலும் முடியவில்லை. கழுத்தில் ஒன்றுமில்லாமல் சுமங்கலி எப்படித் தெருவில் நடப்பாள்? சிலுவை, கிறிஸ்து, மாதா உருவம் பொறித்ததை அணியலாம் என்று வழி விட்டார்.

இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே கை எழுதியது போலத் தோன்றும். இருவரும் பொன்னைத் தொடவில்லை, வடிவத்தைத் தொடவில்லை, அணியும் இடத்தையும் (கிளமெந்தின் சுண்டுவிரலைத் தவிர) தொடவில்லை. தூர்னோனின் கயிற்றை விட்டுவிட்டால், நடுவில் இருக்கும் நகக்கண் அளவு இடத்தில் என்ன உருவம் இருக்கலாம் என்பது மட்டுமே வழக்கு. குரலில்தான் வேறுபாடு. கிளமெந்து அந்த ஊர்ச் சந்தையில் வாழ்ந்தவர். வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்கிறார். தூர்னோன் கடல் தாண்டி வந்தவர். அணிந்துகொண்டிருப்பவர்களுக்கு உத்தரவு போடுகிறார். என் கணிப்பில், இருவருக்கும் பணிந்தவர்கள் கடைசியில் பத்தர்கள்தான். அச்சுக்கட்டை மாறியது; பட்டறை மாறவில்லை.

விதி என்ன சொன்னாலும் பொருள்கள் அவற்றுக்கு முழுதாகக் கட்டுப்பட்டதும் இல்லை. வைன் மோதிரத்தையே பாருங்கள். முகப்பில் இருப்பது கிளமெந்து தள்ளச் சொன்ன விக்கிரக முகம். அந்த வீனஸை யாரும் சுரண்டி எடுக்கவில்லை. சுற்றிலும் கடவுளின் பெயரால் வாழ்த்து மட்டும் எழுதிச் சேர்த்தார்கள். வாஷிங்டன் டம்பார்ட்டன் ஓக்ஸ் சேகரிப்பில் ஒரு பைசாந்தியத் திருமணக் கச்சை இருக்கிறது. நடு வட்டங்களில் மணமக்களின் கையைக் கிறிஸ்து சேர்த்துவைக்கிறார். சுற்றியுள்ள சின்ன வட்டங்களில் மதுக் கடவுளின் கூட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவரின் தாலியான மின்னு இலை வடிவில் இருக்கும். அதன் மேல் சின்னச் சின்னப் பொன்மணிகளால் சிலுவை. மந்திரகோடிப் புடவையிலிருந்து உருவிய ஏழு நூலில் கோத்துக் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் தாலிகளில் புறாவும் திறந்த வேதாகமமும் இடம் பிடித்தன. கிளமெந்தின் பட்டியலில் முதலில் நிற்பதும் இந்தப் புறாதான். அவருடைய நங்கூரமும் கப்பலும் மோதிரத்தோடு நின்றுவிட, புறா மட்டும் தமிழ்க் கழுத்து வரைக்கும் பறந்து வந்திருக்கிறது. கிளமெந்துவைப் படித்துவிட்டு வந்த புறா அல்ல இது. யோர்தானில் இயேசுவின் மேல் இறங்கிய புறா. இருந்தாலும் பத்தரின் பலகையில் அதைப் பார்த்தபோது ஒரு பழைய உறவினரை அடையாளம் கண்டது போல இருந்தது.

இனி வேலைக்கு வருவோம். முத்திரை மோதிரம் அழுத்துவதற்கு, தாலி கட்டுவதற்கு. வைன் மோதிரத்தின் முகப்பில் வீனஸின் பெயர் மட்டும் இடவலம் மாறிக் கிடக்கிறது, மெழுகில் அழுத்தினால் நேராக விழவேண்டும் என்பதற்காக. அந்தப் பழக்கம் நமக்கும் அந்நியமில்லை. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் ஆள்பெயர் பொறித்த தமிழ் பிராமி மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. சீதையிடம் அனுமன் கொடுத்த கணையாழியும் அழகுக்காகப் போனதல்ல, அத்தாட்சியாகப் போனது. ஆனால் என் விரலில் நிற்காத இந்த வெள்ளி மோதிரத்தை எந்த மெழுகிலும் நான் அழுத்தப் போவதில்லை. என் கடிதங்கள் வாட்ஸப்பில் போகின்றன. மூலத்தின் முகம், முதுகு, தழும்பு எல்லாம் இருந்தும் மூலத்தின் தொழில் இதற்கு இல்லை. மடவார் வளாகக் கதையில் பின்னால் வந்து நின்ற தாயைப் போல, இதற்கு வேலை மிச்சமில்லை. தாலியோ, அத்தையின் தாலியோடு எடையிலோ அளவிலோ ஒத்துப்போகாவிட்டாலும், கட்டிய நிமிடத்தில் அத்தையின் தாலி செய்த அதே வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.

ஒரு சின்ன ஒற்றுமை இங்கே எதிர்பாராமல் வந்து சேர்கிறது. பெண்களுக்குப் பொன் மோதிரத்தைக் கிளமெந்து அனுமதிப்பதே, அலங்காரத்துக்கல்ல, வீட்டுப் பொருள்களைப் பத்திரமாக முத்திரையிட்டு வைப்பதற்காக. பெட்டிக்கும் ஜாடிக்கும் மெழுகு வைத்து அழுத்திவிட்டால் யாராவது திறந்தால் தெரிந்துவிடும். நம் வீட்டு ஆச்சிகள் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து செய்த வேலை அது. அலெக்சாந்திரியாவில் மனைவி என்ற நிலைக்கும் வீட்டுக் காவல் என்ற பொறுப்புக்கும் விரலில் ஒரே பொருள். நம் ஊரில் முதலாவது கழுத்திலும் இரண்டாவது இடுப்பிலும் என்று இரண்டாகப் பிரிந்திருந்தது.

இரண்டு பொருளும் சாவைச் சந்திக்கும் விதம் எனக்கு இன்னும் பெரிய வியப்பு. போப்பின் விரலில் இருக்கும் 'மீனவர் மோதிரம்' ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதில்லை. பதவி முடிந்ததும் கர்தினால்கள் முன்னிலையில் அதைக் கெடுத்துவிட வேண்டும். 2025 மே மாதம் போப் பிரான்சிஸின் மோதிரத்துக்கும் அதுதான் நடந்தது. அவர் பெயரில் யாரும் பொய் முத்திரை இட்டுவிடக் கூடாது என்பது பழைய காரணம். தாலியும் அப்படியே ஓர் ஆயுளோடு முடிச்சுப் போட்டது. கணவன் போனால் இறங்கிவிடும். அம்மாவின் வளையல் மகளுக்கு வரும், அட்டிகை வரும். தாலி தாலியாகவே வந்து மகள் கழுத்தில் ஏறியதாக நான் கேட்டதில்லை. பொன்னாக உருகி வேறொரு நகையாக வரலாம். யாழ்ப்பாணத்தில் 'பொன்னுருக்கு' என்று தாலிக்குப் பொன்னை உருக்குவதற்கே ஒரு நல்ல நாள் பார்ப்பார்கள். அங்கே உருகுவது ஒரு நாணயம். அன்று நெருப்பில் பழையதின் உருவம் அழிவதுதான் சடங்கின் தொடக்கம்.

இதை வைத்துப் பார்க்கும்போது வைன் மோதிரம் நம் கைக்கு வந்ததே ஒரு விபத்து என்று புரிகிறது. யாரோ தொலைத்ததால் அது பிழைத்தது. லிட்னி என்ற ஊரில் நோடென்ஸ் தெய்வத்தின் கோயிலில் ஓர் ஈயத்தகடு கிடைத்திருக்கிறது. சில்வியானுஸ் என்பவன் தன் மோதிரம் களவு போனதாக முறையிட்டு, செனிகியானுஸ் என்ற பெயருடையவர்களுக்கு, மோதிரம் கோயிலுக்குத் திரும்பும் வரைக்கும் உடல் நலம் இருக்கக் கூடாது என்று சாபமிடுகிறான். நம் ஊரில் காசு வெட்டிப் போடுவது மாதிரிதான். இரண்டு செனிகியானுஸும் ஒருவனேயா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எனக்கு ஒருவனாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. எப்படியானாலும், தொலையாத மோதிரங்களில் பெரும்பாலானவை உருகி வேறு மோதிரங்களாகி, அவையும் உருகி, இன்று எந்தப் பல்லிலோ எந்தக் காசிலோ இருக்கும். தொலைந்தவை அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றைத்தான் இன்று நகலெடுக்கிறார்கள். தாலியில் இது தலைகீழ்: ஒவ்வொரு தாலியும் உருகிப் போகிறது, அதனால் மாதிரி மட்டும் தொலையாமல் இருக்கிறது.

செனிகியானுஸின் காலத்தில் அவனுடைய மோதிரமும் தாலியைப் போன்ற ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது சொல்லத் துணிகிறேன். 'கடவுளில் வாழ்வாயாக' என்பது அந்தக் காலத்து மோதிரங்களிலும் கிண்ணங்களிலும் பழகிப்போன வாழ்த்து. பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஆயிரம் பட்டறைகளில் ஆயிரம் கைகள் போட்ட சாதாரண மாதிரி. அதற்கு 'ஒரே ஒன்று' என்ற மதிப்பைக் கொடுத்தது மண்ணும் காலமும். இன்றைய நகல் அந்த மதிப்பைத்தான் நகலெடுக்கிறது. மோதிரத்தின் பழைய வாழ்க்கையை, அதாவது மாதிரியாகப் பிறந்து வேலை பார்த்துத் தேய்ந்து உருகும் வாழ்க்கையை, நகலெடுத்துக்கொண்டிருப்பவர் நம் பத்தர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு இன்னொரு சாட்சி ஆண்டாளின் கையிலேயே இருக்கிறது. மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடலுமாக அவள் கைக் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றுக் கிளியை யாரும் அசல் என்று எடுத்துவைப்பதில்லை. இன்றைய கிளியை யாரும் நகல் என்று சொல்வதுமில்லை. பச்சைக் கிளிக்கு ஒரு நாள் ஆயுள், தாலிக்கு ஒரு தாம்பத்தியம், மோதிரத்துக்கு மட்டும் பதினாறு நூற்றாண்டு.

அம்மாள் போன பிறகு பத்தர் கண்ணில் லென்ஸை வைத்து மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு லத்தீன் தெரியாது. எழுத்தின் இடைவெளி தெரியும். "இங்ஙன வந்து ஏன் சார் நெருக்குது?" என்று சரியாகக் கடைசி வார்த்தையில் நகத்தை வைத்தார். கதையைச் சொன்னேன். இரட்டையாக விழுந்த எழுத்தைத் தேடிப் பிடித்தார். அளவு குறைக்க வேண்டுமென்றால் வளையத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். சுற்றிலும் எழுத்து இருப்பதால் எங்கே வெட்டினாலும் ஓரெழுத்து போகும்.

"அப்படின்னா கூடுதலா விழுந்த எழுத்தையே எடுத்திரலாமே சார். அளவும் சரியாயிரும், தப்பும் போயிரும்."

நான் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றதும் அவர் வற்புறுத்தவில்லை. தாலி கோக்க வைத்திருந்த மஞ்சள் நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்து, வளையத்தின் அடிப்புறத்தில் நெருக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, என் விரலில் மாட்டிப் பார்த்தார். இப்போது நின்றது.